தண்ணீர்க் கடன்

உம்கெனி சாலை அலுவலகத்தில்
என் எண் நூற்று நாற்பத்தேழு.
ஓடிக்கொண்டிருப்பது அறுபத்திரண்டு.

இன்பராஜைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அவன் எங்கே பிறந்தான்,
உடன்குடியில் அவன்மேல் வழக்கில்லை,
நெஞ்சில் காசநோய்த் தழும்பில்லை,
எல்லாம் முத்திரையோடு கோப்பில் இருக்கிறது.
கேள்வி என்னைப் பற்றி:
கணவனை அழைக்கிறாயே,
நீ இந்த நாட்டில்தான் குடியிருக்கிறாயா?

சாட்ஸ்வர்த்தில் பிறந்தேன் என்றேன்.
பிறந்தது போதாதாம்.
அப்பாவை, அவர் அப்பாவை, அம்மாவை
க்ளேர் எஸ்டேட்டில்தான் எரித்தோம் என்றேன்.
செத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்களாம்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள்
பெயர்ப் பட்டையில் நொம்வுலா,
மழையோடு வந்தவள்.
என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.
ஒவ்வொரு பக்கமும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.
போனேன், போனேன், போனேன்.
வந்ததெல்லாம் இருபத்தொரு நாள்,
பதினெட்டு நாள்,
அம்மாவுக்காக ஒரு தடவை ஆறே நாள்.

ஒன்பது வருடம் தம்மாம் ஆஸ்பத்திரியில்
டயாலிசிஸ் பிரிவு, இரவு வேலை.
மற்றவர் உடம்பில் ஏறும் நீர், இறங்கும் நீர்
மில்லி மில்லியாக எழுதிவைத்தேன்.
எக்ஸ்ரே அறையில் அவன்.
என் எலும்பைப் பார்க்குமுன்
என் தமிழைப் பார்த்துச் சிரித்தான்.
தேவாரத்தை ஆங்கில எழுத்தில் மனப்பாடம் செய்தவள் நான்,
தாகத்தைச் சொல்லத் தெரியாதவள்.

மின்சார பில்?
முன்பணம் கட்டும் மீட்டர், பெயர் வராது.
வங்கி?
கணக்கு தூங்கிப்போனது என்று மூடிவிட்டார்கள்.
ஓட்டுப் போட்டாயா?
அன்றைக்கும் இரவு வேலை.
நாய்க்கு ஊசி போட்ட ரசீதை நீட்டினேன்.
நாய் செத்து நாலு வருஷம்.

பக்கத்து வீட்டு ரொக்கி அண்ணன்
போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்திட்ட சத்தியக் கடிதம்:
"இவள் இங்கேதான் இருக்கிறாள்,
இல்லாத நாள்களிலும்."
நொம்வுலா இரண்டு முறை படித்தாள்.
சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்தாள்.
வேறு இருக்கிறதா?

இருந்தது. காட்டத்தான் வெட்கம்.
அம்மா போனபின் பூட்டிய வீட்டில்
பின்பக்கக் குழாய் வெடித்து
நாலு மாதம் ஓடியிருக்கிறது தண்ணீர்.
சுவரோரம் இடுப்பளவு புல்,
புல்லுக்குள் குரங்குக் குடும்பம்.
உலகமே மறந்த என்னை
நகராட்சி மட்டும் மறக்கவில்லை.
செல்வி கோகிலாம்பாள் மூட்லி,
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் ராண்ட்,
வட்டி தனி, சிவப்பு மையில்.
மாதாமாதம் கேட் கம்பியில் செருகிப் போனதை
ரொக்கி அண்ணன் எடுத்துக் கட்டிவைத்தார்.
தம்மாமிலிருந்து தவணை கட்டினேன்
பாதிச் சம்பளத்தில், இரண்டு வருடம்,
குடிக்காத தண்ணீருக்கு.

நொம்வுலா கட்டைப் பிரித்தாள்,
தேதி வாரியாக அடுக்கினாள்.
நேரமெடுத்தாள்.
பின்னால் ஒரு குழந்தை அழுது, ஓய்ந்து,
மறுபடி அழுதது.
"எங்கள் தெருவிலும் குழாய் இப்படித்தான்" என்றாள்,
நிமிராமல்.
முத்திரை விழுந்தது.
ஏற்றுக்கொண்டதற்கு அல்ல,
பெற்றுக்கொண்டதற்கு.

வெளியே வந்து அழைத்தேன்.
அங்கே மூன்றரை மணி நேரம் முந்தி,
எதிர்க்கடை ஷட்டர் இறங்கும் சத்தம்.
முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"குடிநீர், குடியுரிமை,
ரெண்டுலயும் ஒரே குடிதானே, கோகி."
எனக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது.
அதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது.

எட்டு மாதம் ஆகலாம், பதினாலும் ஆகலாம்.
மாற்றிய குழாய் மறுபடி சொட்டுகிறது.
சொட்டட்டும்,
இந்த மாதமும் என் பெயருக்குத் தாள் வரட்டும் என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளந்தே பழகிய கை.
பொறுக்கவில்லை.
வாளியை எடுத்து அடியில் வைத்தேன்.